எல்லாம் கைக்கெட்டும் மேசை

என் கடையில் பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கியிருக்கும் சந்துக்கு நடுவே டெல்மர் ஹௌகன் நின்றுகொண்டு, இல்லாத ஒரு கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுப்பான். மேலே தள்ளுவான். மறுபடி இழுப்பான். முழங்கை எங்கே போய் நிற்கிறது என்று கழுத்தைத் திருப்பிப் பார்ப்பான். வெளியூர்க்காரர் யாராவது ஆணி வாங்க வந்திருந்தால், ஆளுக்கு வலிப்பு வந்துவிட்டதோ என்று பயந்து என்னைப் பார்ப்பார்கள்.

"ஒண்ணுமில்ல, மேசை செய்யறான்" என்பேன்.

உள்ளூர்க்காரர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கடையின் பின்பக்கம் காபிப் பானைக்குப் பக்கத்தில் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்கும் ருடி பெக்காரெக் மட்டும் அவனை விட மாட்டான்.

"என்ன டெல்மர், பசு இன்னிக்குப் பால் குடுக்குதா?"

"முழங்கை இடிக்குது. இன்னும் ரெண்டு அங்குலம் தள்ளி வைக்கணும்."

"எதை?"

"சுவத்தை" என்றான் டெல்மர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டெல்மருக்கு விளையாட்டே வராது.

மான்டானாவில், ஜூடித் மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் ஊரில், தோட்டாவைப் பெட்டியோடு கடையில் வாங்குகிறவனைச் சோம்பேறி என்போம். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, துடைத்து, அடியில் தீப்பொறி தரும் புது கேப் வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, அதன் வாயில் புதுக் குண்டைப் பொருத்தி அழுத்தி, அதே கூட்டைத் திரும்பத் திரும்பச் சுடுகிறவர்கள் நாங்கள். அதற்கென்று ஒரு இரும்பு பிரஸ் இருக்கிறது. கன்றுக்குட்டி கனம் கனக்கும். பக்கவாட்டில் நீளமாக ஒரு கைப்பிடி. அதை இழுத்தால்தான் வேலை நடக்கும். அந்த பிரஸ்ஸை எதன்மேல் முடுக்குவது என்பதுதான் டெல்மரின் பிரச்சினை. கல்யாணம், குழந்தை, பேரன், வேலை ஓய்வு எல்லாம் இந்தப் பிரச்சினைக்கு நடுவே நடந்து முடிந்தவை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறுகிறவர்கள் கிடையாது. இன்னொருவர் நிரப்பிய தோட்டாவை யாரும் சுட மாட்டோம். லாரியை இரவல் கொடுப்போம், டிராக்டரைக் கொடுப்போம், குளிரில் மாட்டிக்கொண்டவனுக்கு உள்ளாடைகூடக் கொடுத்திருக்கிறோம். தோட்டா மட்டும் கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. மருந்து மாறிப் போயிருந்தால் அது வெடிப்பது எதிரே நிற்கும் மானுக்குப் பக்கத்தில் இல்லை, சுடுகிறவரின் கன்னத்துக்குப் பக்கத்தில். கணவன் மனைவிக்குள் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. அதுவும் எல்லா வீட்டிலும் கிடையாது. ருடியின் மனைவி அவன் நிரப்பியதைக் கையால்கூடத் தொட மாட்டாள். "அவன் போட்ட காபியவே நான் குடிக்கறதில்ல" என்பாள். வருஷா வருஷம் அவளுக்கு ஒரு பெட்டி என் கடையிலிருந்துதான் போகிறது.

டெல்மரின் மனைவி கார்லிஸ் அப்படியில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரை வளர்த்தவள். குறி பார்த்துச் சுடுவதில் அவளுக்குப் பக்கத்தில் நிற்க இங்கே ஆள் இல்லை. நானும் நின்று பார்த்துத் தோற்றவள்தான். கல்யாணமான நாளிலிருந்து டெல்மர் நிரப்பிய தோட்டாவைத் தவிர வேறெதையும் அவள் தன் துப்பாக்கியில் போட்டதில்லை. ஊரில் சில தம்பதிகள் கையைக் கோத்துக்கொண்டு சர்ச்சுக்கு வருவார்கள். இவர்கள் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அக்டோபர் கடைசியில் வேட்டை திறக்கும் சனிக்கிழமை, விடிந்ததும் கார்லிஸ் வலது கையை நீட்டுவாள், டெல்மர் சட்டைப் பையிலிருந்து தோட்டாக்களை எடுத்து அதில் வைப்பான். ஒருமுறை அவர்களோடு போயிருந்தபோது பார்த்தேன். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் கார்லிஸ் எல்க் மான் ஒன்றைச் சாய்த்திருப்பாள். திங்கட்கிழமை டெல்மர் என் கடைக்கு வருவான்.

"என் தோட்டா சும்மா அப்படியே உக்கார வெச்சிருச்சு" என்பான்.

"சுட்டது யாரு?" என்பான் ருடி.

"கார்லிஸ்தான் சுட்டா" என்பான் டெல்மர், அது ஒரு சின்ன விவரம் என்பதுபோல.

அத்தனை வருஷமும் அந்த பிரஸ்ஸுக்கு ஒரு நிரந்தர இடம் கிடையாது. கனமான ஒரு பலகையில் முடுக்கி, சமையலறை மேசையின் ஓரத்தில் இரண்டு இரும்புப் பிடிகளால் இறுக்கி வைப்பான். மேசையின் மறு ஓரத்தில் கார்லிஸின் ரொட்டி மாவு உப்பிக்கொண்டிருக்கும். நடுவில் தராசு, ஒரே ஒரு மருந்து டப்பா, கூடுகள் நிற்கும் துளைப் பலகை. இரண்டாவது டப்பா வைக்க இடம் இருக்காது. வேறு துப்பாக்கிக்கு வேறு மருந்து வேண்டுமென்றால், முதல் டப்பாவை மூடி, பின்வாசல் அலமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டு மற்றதை எடுத்து வர வேண்டும். டெல்மர் முனகிக்கொண்டே நடப்பான்.

அவன் மருந்து போட்டு முடித்ததும் துளைப் பலகை கார்லிஸின் பக்கம் நகரும். அவள் ஒரு சின்ன டார்ச்சை அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பாள். மாவுக் கையோடுதான். பார்த்து முடித்தால் "சரி" என்பாள். பிறகுதான் குண்டு உட்காரும். அவளுக்குப் பொழுது போகவில்லை, அதனால் பார்க்கிறாள் என்றே டெல்மர் ரொம்பக் காலம் நினைத்திருந்தான்.

முப்பது வருஷத்துக்கு மேல் அவன் கவுண்டி நிர்வாகத்தின் சாலை கிரேடர் வண்டி ஓட்டினான். கோடையில் சரளைச் சாலையைச் சமன் செய்வது, குளிரில் பனியை வாருவது. அவன் வாரிய சாலையின் ஓரம் கத்தியால் கேக் வெட்டின மாதிரி இருக்கும். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் என் கடைக்கு வந்து அளவு டேப் ஒன்று வாங்கினான். வீட்டில் அவனிடம் ஏற்கெனவே எத்தனை இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. வியாபாரம் வியாபாரம்தானே.

அதன் பிறகு ஊரே அந்த மேசையோடு வாழ வேண்டியிருந்தது. வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ட் தரையில் நீல டேப் ஒட்டி மேசையின் அளவை வரைந்தான். டேப் கோட்டைத் தாண்டி உள்ளே மிதித்தால் கத்தினான். அங்கே ஏதோ மரச்சாமான் இருக்கிற மாதிரி அவன் நாய் டஃபிகூடச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டது. கைப்பிடி கீழே வரும்போது விரல் மேசை விளிம்பில் இடிக்கக் கூடாது. மேலே போகும்போது விளக்கில் இடிக்கக் கூடாது. பிரஸ் விளிம்பை ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் இழுக்கிற இழுப்பில் மேசை முன்னால் சாயக் கூடாது. வெந்நீர் பாய்லரின் நெருப்புக்குத் தூரமாக இருக்க வேண்டும். ஃப்ரீசர் கதவு முழுசாகத் திறக்க வேண்டும். நின்றும் செய்ய வேண்டும், உட்கார்ந்தும் செய்ய வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் விடை கண்டுபிடித்ததும் அது இன்னொரு விடையைக் கெடுத்துவிட்டதென்று தெரியவரும். மறுபடி டேப்பை உரித்து ஒட்டுவான்.

கடைசியில் ஒரு வசந்த காலத்தில் படத்தை முடித்து என் கவுண்டர்மேல் விரித்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. சுவரின் மூலைக்கு மூலை மேசை. இடது பக்கம் வெறும் கூடு, வலது பக்கம் முடிந்த தோட்டா, பின்னால் எல்லா மருந்து டப்பாக்களுக்கும் அரைவட்டமாக ஒரு அலமாரி. ரேடியோவுக்கு ஒரு இடம், காபிக் கோப்பைக்கு ஒரு வட்டம், கீழே டஃபி படுக்க ஒரு கட்டம். அதில் 'டஃபி' என்று எழுதியும் இருந்தது.

"கவனிச்சியா ஹில்டா? எங்கயும் எழுந்து போக வேண்டாம். உக்காந்த இடத்துலேருந்து கைய நீட்டினா எல்லாமே எட்டும்."

பலகை வாங்க கார்லிஸும் கூட வந்திருந்தாள். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"நான் எங்க உக்கார்றது?"

"நீ எதுக்குக் கீழ இறங்கி வரணும்?" டெல்மரின் முகத்தில் அப்படியொரு பிரகாசம். பிறந்தநாள் பரிசு கொடுக்கிறவன்போல் இருந்தான். "இனிமே உனக்கு அந்தத் தொல்லையே இல்ல. சமையலறை மேசை பூரா உன்னுது."

"ஓ" என்றாள் கார்லிஸ். பிறகு ஊறுகாய் ஜாடி மூடி இருக்கும் பக்கம் போய்விட்டாள். அவளிடம் மூடிக்குப் பஞ்சமே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்றைக்கே ஸ்டூலும் வாங்கினான். உயரமான மர ஸ்டூல், ஜோடியாகத்தான் வரும்.

"ஒண்ணு போதும்" என்றான்.

"ஜோடியத்தான் விப்பேன். மிச்சம் ஒத்தை ஸ்டூல வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"இடம் இல்ல ஹில்டா. மேசைக்கு முன்னால ஒரு ஸ்டூலுக்குத்தான் திட்டம்."

அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு நானே விட்டுக்கொடுத்தேன். பிரிந்துபோன மற்ற ஸ்டூல் காபிப் பானைக்குப் பக்கத்தில் நின்றது. ருடி அதைச் சொந்தமாக்கிக்கொண்டான்.

செப்டம்பரில் மேசை எழுந்தது. டெல்மர் ஊரையே கூப்பிட்டான். கார்லிஸ் எல்க் கறி போட்ட சில்லிக் குழம்பும் சினமன் ரோலும் செய்திருந்தாள். எல்லோரும் கையில் கிண்ணத்தோடு மாடிப்படி இறங்கி வரிசையாகப் பார்த்தோம், இறந்தவருக்கு மரியாதை செலுத்துகிற மாதிரி. விளிம்புவரை காபி ஊற்றிய கோப்பையை அதற்குரிய வட்டத்தில் வைத்து, டெல்மர் பிரஸ்ஸின் கைப்பிடியை ஓங்கி இழுத்தான். காபி அசையவில்லை.

"மாதா கோயில்கூட இவ்வளவு கெட்டியா கட்டல" என்றான் ருடி. அவன் கத்தோலிக்கன், சொல்லலாம்.

டெல்மர் ஸ்டூலில் உட்கார்ந்து, எழுந்திருக்காமலே ஒவ்வொரு டப்பாவையும் தொட்டுக் காட்டினான். நாங்கள் கைதட்டினோம். கார்லிஸ் மேலே கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள்.

வேட்டை திறப்பதற்கு முந்தின வாரம், காலையில் கடை நிறைய ஆள் இருந்தபோது கார்லிஸ் வந்தாள். நேராகக் கவுண்டருக்கு வந்து, தன் துப்பாக்கியின் பெயரைச் சொல்லி, "ஒரு பெட்டி கொடு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "என்ன பெட்டி?"

"தோட்டாப் பெட்டிதான். கம்பெனி தோட்டா. உனக்குப் பின்னால இருக்கு பாரு, வருஷா வருஷம் ருடி பொண்டாட்டிக்குக் குடுக்கறியே, அது மாதிரி."

ருடி ஸ்டூலில் அப்படியே திரும்பினான். நான் பெட்டியை எடுத்து வைத்தேன்.

"கார்லிஸ், எல்லாம் நல்லா இருக்கீங்கதானே?"

"சக்கரை தீந்துபோச்சுன்னு வாங்கறேன்னு வெச்சுக்கோயேன்" என்றாள். பையில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு தலையசைப்பு வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒருத்தர் விவாகரத்து என்றார். ஒருத்தர் டெல்மருக்குக் கண் போய்விட்டது என்றார். டெல்மருக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாகவும் கார்லிஸ் வெளியே சொல்லாமல் மறைக்கிறாள் என்றும் போஸ்ட் ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். அந்த நேரம் டெல்மர் போஸ்ட் ஆபீஸ் வரிசையில்தான் நின்றிருந்தான். ரத்தக்குழாய் வெடித்தவன் தபால்தலை வாங்குவதைப் பார்த்து எல்லோரும் பேச்சை நிறுத்த, யாரோ ஒரு புண்ணியவான் அவனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டான்.

நேராக என் கடைக்கு வந்தான். தொப்பியைக் கையில் பிடித்திருந்தான். அவன் தலை அவ்வளவு வழுக்கை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அவ என்ன வாங்கினா, ஹில்டா?"

"பொண்டாட்டி என்ன வாங்கினான்னு கடைக்காரிகிட்டயா கேப்ப? வீட்டுக்குப் போய் அவளக் கேளு."

"நான் கேட்டா…" நிறுத்தினான். "நான் என்ன பண்ணேன்னு தெரிஞ்சிருந்தா கேட்டுடுவேன். தெரியலயே. நீயும் வா."

"நான் எதுக்கு?"

"நீதானே வித்த."

குற்றத்தில் எனக்கும் பங்கு என்கிற மாதிரிச் சொன்னான். கடையைப் பார்த்துக்கொள்ளும்படி ருடியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவன் கூப்பிடாவிட்டாலும் ஏதாவது சாக்குச் சொல்லிப் போயிருப்பேன்.

கார்லிஸ் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தாள். தோட்டாப் பெட்டி உடைக்காமல், சர்க்கரை டின்னுக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி இருந்தது. டெல்மர் அதைப் பார்த்தான். தோல் சுருள் சுருளாக விழுவதையும் பார்த்தான். நான் வாசலிலேயே நின்றேன்.

"அந்தப் பெட்டி" என்றான்.

"ம்."

"என்னோடது நாப்பது தோட்டா கீழ ரெடியா இருக்கு. உனக்குன்னே போட்டது."

கார்லிஸ் கத்தியை வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். "வா, கீழ போலாம். ஹில்டா, நீயும் வா, அதுக்குத்தானே வந்த."

மேசை அதே கம்பீரத்தோடு நின்றது. விளக்கைப் போட்டாள். தராசுக்கு இடது பக்கம் ஒரு மருந்து டப்பா, வலது பக்கம் இன்னொரு மருந்து டப்பா. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே உயரம், ஒரே கறுப்பு நிறம். மேலே ஒட்டிய சீட்டில் இருக்கும் எண் மட்டும் வேறு. இரண்டுக்கும் மூடி இல்லை. மூடிகள் இரண்டும் காபிக் கோப்பைக்கான வட்டத்தில் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன.

ஒன்று கார்லிஸின் பெரிய துப்பாக்கிக்கான மருந்து, மெதுவாக எரிவது. இன்னொன்று டெல்மர் கொயோட் நரி சுடுகிற சின்னத் துப்பாக்கிக்கானது, சடாரென்று எரிவது. பெரிய கூட்டில் அதே எடைக்கு இந்த இரண்டாவதைப் போட்டால், துப்பாக்கி துப்பாக்கியாக இருக்காது. கார்லிஸின் முகமும் முகமாக இருக்காது.

"நான் ஒண்ணும் தொடல" என்றாள் கார்லிஸ். "நேத்து பீச் ஜாடி எடுக்க வந்தேன். இப்படித்தான் இருந்துச்சு. இப்பச் சொல்லு, அந்த நாப்பதுல எதுல எது இருக்கு?"

டெல்மர் வாயைத் திறந்தான். சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் எதையும் மறக்கிறவனில்லை, பத்து வருஷத்துக்கு முன் எந்த வளைவில் எவ்வளவு பனி கிடந்தது என்று சொல்வான். வாய் திறந்தபடியே இருந்தது.

"நேத்து காலைல சின்னதுக்குப் போட்டுக்கிட்டிருந்தேன்" என்றான் கடைசியில். "அப்புறம் அப்படியே உன்னோடத ஆரம்பிச்சேன். பையன் போன் பண்ணினான். பேசிக்கிட்டே…" வலது கையைத் தானாகவே நீட்டினான். கை ஒரு டப்பாவைத் தொட்டது. இடது கையை நீட்டினான். அது மற்றதைத் தொட்டது.

"எழுந்திரிக்கவே வேணாமே, இல்ல?" என்றாள் கார்லிஸ்.

டெல்மர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அங்கே இருந்தது அது ஒன்றுதான். நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

"ஏன் கார்லிஸ், பாத்தவுடனே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் நேத்தே மறுபடி வந்தேன். நீ இங்க உக்காந்து ரேடியோ கேட்டுக்கிட்டிருந்த. எனக்கு உக்கார இடமில்ல. நின்னுக்கிட்டுச் சொல்ற விஷயமா அது?" டஃபி படுத்திருந்த கட்டத்தைக் காட்டினாள். "நாய்க்குக்கூட இடம் போட்டிருக்க, டெல்மர். உன் காபிக்குப் போட்டிருக்க. இத்தனை வருஷமா ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் எட்டிப் பாத்தவ நானு. நான் வேடிக்கையா பாத்துக்கிட்டிருந்தேன்? என் மூஞ்சிக்குப் பக்கத்துல வெடிக்கப்போறதுன்னுதான் பாத்தேன். உன் மூஞ்சிக்குப் பக்கத்துலயும்தான்."

இவ்வளவு நீளமாகக் கார்லிஸ் பேசி நான் கேட்டதில்லை. டஃபி தன் கட்டத்திலிருந்து எழுந்து, யார் பக்கம் போவதென்று தெரியாமல் என் காலடியில் வந்து படுத்தது. நான் மாடிப்படி ஏறினேன். எனக்கும் ஒரு அளவு இருக்கிறது.

நாற்பதையும் டெல்மர் உடைத்தான். அதற்கென்று ஒரு சுத்தியல் இருக்கிறது. தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டித் தரையில் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று விழும். ஒவ்வொன்றின் மருந்தையும் ஒரு வெள்ளைத் தட்டில் தனித்தனியாகக் கொட்டிப் பார்த்தான். மெதுவாக எரிவது பென்சில் முனையை நறுக்கிப்போட்ட மாதிரிக் குச்சி குச்சியாக இருக்கும். வேகமாக எரிவது கடுகு மாதிரி உருண்டை. பார்த்தாலே தெரிந்துவிடும், யாராவது பார்த்தால். பார்த்து முடித்த மருந்தையெல்லாம் கார்லிஸின் ரோஜாப் பாத்தியில் கொட்டினான். அதுதான் எங்கள் வழக்கம், செடிக்கு உரம்.

மறுநாள் காலை கடைக்கு வந்தான்.

"எத்தனைல?" என்று நான்தான் கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணுல" என்றான். "கடைசி வரிசையில. மிச்சம் எல்லாம் சரியா இருந்துச்சு."

ஒன்று என்றால் கொஞ்சம் என்று நினைக்கிறவர்கள் இருப்பார்கள். அந்த ஒன்று சனிக்கிழமை காலையில் அவன் சட்டைப் பையிலிருந்து அவள் கைக்குப் போயிருக்கும். அவள் பார்க்காமல் உள்ளே தள்ளியிருப்பாள், அவன் கொடுத்ததென்று.

டெல்மர் காபிப் பானைப் பக்கம் நடந்தான். "எழுந்திரு ருடி."

"ஏன்?"

"நீ உக்காந்திருக்கிறது என் ஸ்டூல்."

ருடி கோப்பையோடு எழுந்தான். வாழ்நாளில் ஒரே ஒரு முறை, எதிர்த்துப் பேசாமல். டெல்மர் ஸ்டூலைத் தலைகீழாகத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனான். என்ன விலை என்று அவன் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. அன்று மத்தியானமே ரம்பத்தை எடுத்து மேசையின் வலது ஓரத்தில் ஒரு ஆள் முழங்கால் நுழைகிற அளவுக்கு வெட்டினான். அளவு டேப்பை எடுக்கவில்லை என்று கார்லிஸ் சொன்னாள். வெட்டு கோணலாகத்தான் இருக்கிறது. அரைவட்ட அலமாரியையும் கழற்றி, மருந்து டப்பாக்களைப் பழையபடி பின்வாசலுக்கே கொண்டுபோனான். இப்போது ஒன்று வேண்டுமென்றால் படியேறிப் போக வேண்டும். முனகிக்கொண்டே போகிறான்.

அந்தச் சனிக்கிழமை கார்லிஸ் கை நீட்டினாளா என்று ஊரில் எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது. திங்கட்கிழமை டெல்மர் வந்தான்.

"என் தோட்டா சும்மா அப்படியே உக்கார வெச்சிருச்சு" என்றான்.

ருடி என்னைப் பார்த்தான். நான் ருடியைப் பார்த்தேன். சுட்டது யாரென்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

கம்பெனிப் பெட்டியைக் கார்லிஸ் திருப்பித் தரவில்லை. இன்னும் சீல் உடைக்காமல் சர்க்கரை டின்னுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் காபிக்குச் சர்க்கரை எடுக்கும்போதெல்லாம் டெல்மர் அதை நகர்த்தித்தான் எடுக்க வேண்டும். நகர்த்துகிறான். திரும்ப அதே இடத்தில் வைக்கிறான்.

மேசையைப் பார்க்க இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். போன வாரம் பக்கத்து ஊரிலிருந்து ஒருவன் வந்திருந்தான். அவனும் மேசை செய்யப் போகிறானாம். நானும் ஒரு துளை போடும் மிஷினைக் கொடுக்கப் போயிருந்தேன். டெல்மர் காபியை வட்டத்தில் வைத்துக் கைப்பிடியை இழுத்துக் காட்டினான். காபி அசையவில்லை. வந்தவன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வலது ஓரத்தில் விரலை வைத்தான்.

"எல்லாம் இவ்வளவு நேரா இருக்கு, இங்க மட்டும் ஏன் இப்படிக் கடிச்ச மாதிரி வெட்டியிருக்கு?"

"அதுவா?" டெல்மரின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "ரெண்டாவது ஸ்டூலுக்கு. ஆரம்பத்துலேருந்தே திட்டத்துல இருந்தது."

அந்த ஸ்டூலில்தான் கார்லிஸ் உட்கார்ந்திருந்தாள். துளைப் பலகையில் மருந்து போட்ட கூடுகள் அவள் முன்னால் நின்றன. டார்ச்சை அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். தலையைத் தூக்கவில்லை. கடைசிக் கூட்டையும் பார்த்து முடித்துவிட்டு, பலகையை டெல்மர் பக்கம் நகர்த்தினாள்.

"சரி" என்றாள்.